31 வயதில் வந்த அழைப்பு: ரங்கன ஹேரத், ஒரு நிகழ்வு ஆய்வு

2009 கோடையில் ரங்கன ஹேரத் இங்கிலாந்தில் இருந்தார். இலங்கை அணியோடு போகவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் மோடர்ஷால் என்ற சிற்றூர் கிளப்புக்காகச் சம்பளத்துக்கு ஆடப் போயிருந்தார். வயது 31. டெஸ்டில் அறிமுகமாகிப் பத்தாண்டு ஆகப்போகிறது. ஆடியது 14 டெஸ்ட், எடுத்தது 36 விக்கெட். அந்த வயதில் அந்தக் கணக்கோடு நிற்கும் ஒரு சுழற்பந்து வீச்சாளரைத் தேர்வாளர்கள் மறந்துவிடுவதுதான் வழக்கம்.

குமார் சங்கக்காரா மறக்கவில்லை. அணியின் முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனுக்கு முழங்காலில் காயம், பாகிஸ்தானுடன் காலி நகரில் டெஸ்ட் தொடங்கப்போகிறது, வர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டார். சங்கக்காராவுக்கும் அதுதான் கேப்டனாக முதல் டெஸ்ட். ஹேரத் விமானம் ஏறினார். ஜூலை 4ஆம் தேதி ஆட்டம் தொடங்கியபோது பதினொருவரில் அவரும் ஒருவர்.

நான்காம் நாள் காலை. பாகிஸ்தானுக்கு இலக்கு 168. கையில் எட்டு விக்கெட், போர்டில் 71 ரன், இன்னும் வேண்டியது 97. ஆடுகளத்தில் சல்மான் பட்டும் முகமது யூசுஃபும். மதிய உணவுக்குள் பாகிஸ்தான் ஜெயித்துவிடும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். மிச்சமிருந்த எட்டு விக்கெட்டும் 46 ரன்னுக்குள் விழுந்தன. 117க்கு ஆல் அவுட். இலங்கைக்கு 50 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஹேரத்தின் பந்துவீச்சு 15 ரன்னுக்கு 4 விக்கெட்.

அந்த ஆட்டத்தில் பாகிஸ்தான் பக்கம் அறிமுகமானவர்களையும் பார்க்க வேண்டும். ஒருவர் 17 வயது முகமது ஆமிர். இன்னொருவர் சயீத் அஜ்மல். அவருக்கும் ஹேரத்தைப் போலவே 31 வயது. திறமை எந்த வயதில் வெளிப்படும் என்று விதி வகுக்க நினைப்பவர்கள் அந்த ஒரு ஸ்கோர்கார்டைப் பார்த்தால் போதும்.

அடுத்த டெஸ்ட் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில். பாகிஸ்தான் ஒரு விக்கெட்டுக்கு 285 என்ற நிலையிலிருந்து 320க்குச் சுருண்டது. ஹேரத்துக்கு 99 ரன்னுக்கு 5 விக்கெட்; டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தது அதுவே முதல்முறை. பின்னாளில் அவர் சேர்ந்த தமிழ் யூனியன் கிளப்பின் சொந்த மைதானம் அது. முரளியின் கிளப்பும் அதுவே.

2018 நவம்பரில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு 93 டெஸ்டில் 433 விக்கெட். அதாவது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பின் மட்டும் 79 டெஸ்டில் 397 விக்கெட். 35 வயது நிறைந்த பிறகு எடுத்தவை 230. அவர் ஓய்வு பெற்ற அன்று அது உலக சாதனை. இடது கைச் சுழலில் 400ஐத் தொட்ட முதல் ஆள் அவர். வாசிம் அக்ரமின் 414ஐயும் தாண்டி, அன்றுவரை டெஸ்டில் அதிக விக்கெட் எடுத்த இடது கைப் பந்துவீச்சாளர் ஆனார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் "விடாமுயற்சி" என்ற சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. விடாமுயற்சி அவரிடம் நிறையவே இருந்தது. அதே அளவு இருந்தும் ஒன்றும் நடக்காமல் போனவர்கள் பலர். ஆகவே மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு இந்தப் பத்தாண்டைப் பார்க்கிறேன். தாமதம் எங்கிருந்து வந்தது? காத்திருந்த காலத்தில் அவரைத் தாங்கியது எது? 21 வயதில் வந்த ஹேரத்தும் 31 வயதில் வந்த ஹேரத்தும் ஒரே பந்துவீச்சாளர்தானா?

தாமதம் எங்கிருந்து வந்தது

1978 மார்ச் 19இல் குருநாகல் மாவட்டத்தில் பிறந்தவர். படித்தது குருநாகல் மலியதேவ கல்லூரியில். கொழும்பின் பெரிய பள்ளிகளின் வழியாக வந்தவர் அல்லர். 1999 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட், காலியில்தான். முதல் இன்னிங்ஸிலேயே 97 ரன்னுக்கு 4 விக்கெட். விரலால் சுண்டி எதிர்ப்பக்கம் திருப்பும் மாயப் பந்து ஒன்றும் அப்போது அவரிடம் இருந்தது. ஸ்டீவ் வாஹின் அணிக்கு எதிராக 21 வயதுப் பையனுக்கு இது நல்ல தொடக்கம். யாரும் "தாமத மலர்ச்சி" என்று அவரைப் பற்றி அன்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு வந்தது இட நெருக்கடி. அன்றைய இலங்கை அணியின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் முரளிதரன். அவரை எடுத்துவிட்டு இன்னொரு சுழற்பந்து வீச்சாளரைப் போடுவது பற்றிப் பேச்சே கிடையாது. வேகத்துக்கு சமிந்த வாஸும் இன்னொருவரும். இரண்டாவது சுழல் வேண்டுமென்றால் தொடக்க ஆட்டக்காரர் சனத் ஜெயசூர்யா இருக்கிறார். அவரும் இடது கைச் சுழல்தான்; பகுதி நேரமாக வீசியே டெஸ்டில் 98 விக்கெட் எடுத்தவர். முழுநேர இடது கைச் சுழல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் ஒரு பேட்ஸ்மேனையோ வேகப்பந்து வீச்சாளரையோ விட வேண்டும். வெளிநாட்டில் அதற்கும் வாய்ப்பில்லை. முரளிக்கு நிழலில் இருந்தார் ஹேரத் என்பது பாதி உண்மை. ஜெயசூர்யாவின் நிழலும் சேர்ந்தே அவர் மேல் விழுந்தது.

இன்னொரு காரணம் தேர்வாளர்களின் ரசனை. முரளி இல்லாத தருணங்களிலும் ஹேரத்தின் பெயர் முதலில் வரவில்லை. 2004இல் முரளி ஆஸ்திரேலியா போகவில்லை. கெய்ர்ன்ஸ் டெஸ்டில் வீசியவர் மணிக்கட்டால் பந்தைத் திருப்பும் லெக் ஸ்பின்னர் உபுல் சந்தன, பத்து விக்கெட்டும் எடுத்தார். அடுத்து மலிங்க பண்டார, அவரும் லெக் ஸ்பின். 2008இல் வந்தார் அஜந்த மெண்டிஸ். இந்தியாவுக்கு எதிராக மூன்று டெஸ்டில் 26 விக்கெட். அறிமுகத் தொடரில் அப்படி ஒரு ஆட்டத்தை அதுவரை உலகம் பார்த்ததில்லை. நம் பேட்ஸ்மேன்கள் விழித்த விழி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முரளியும் மெண்டிஸும் இருக்கும் அணியில், நேராக வந்து விரலால் திருப்பும் ஒரு குள்ளமான இடது கைக்காரர் யார் கண்ணில் படுவார்? மணிக்கட்டுச் சுழலும் மாயப் பந்தும் வீசுபவர்களைத் தேடும் பழக்கம் முரளியால் வந்தது. முரளியின் வெற்றியே ஹேரத் போன்றவர்களைச் சாதாரணமானவர்களாகக் காட்டியது.

மெண்டிஸின் பின்கதையையும் சொல்லிவிட வேண்டும். 23 வயதில் அப்படித் தொடங்கியவர், மொத்தம் ஆடியது 19 டெஸ்ட், எடுத்தது 70 விக்கெட். அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. காணொளியில் அவருடைய விரலைப் பிரேம் பிரேமாகப் பார்த்து எதிரணிகள் கற்றுக்கொண்டன. கற்றுக்கொண்ட பிறகு அவரிடம் புதிதாகக் கொடுக்க அதிகம் இருக்கவில்லை. ஹேரத்தின் பந்திலோ ஒளித்துவைக்க எதுவுமில்லை. தெரிந்தே அவுட் ஆனார்கள்.

காத்திருப்புக்கு யார் காசு கொடுத்தார்கள்

தாமதமாக வென்றவர்களைப் பற்றிய எழுத்தில் நான் அதிகம் தேடுவதும், அரிதாகவே கிடைப்பதும் இந்தப் பகுதிதான். பத்து வருடம் ஒருவர் காத்திருந்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பத்து வருடமும் மாதாமாதம் வீட்டுச் செலவு இருந்திருக்கிறது.

ஹேரத்துக்கு மூன்று ஊன்றுகோல்கள் இருந்தன. முதலாவது கிளப். கொழும்பின் மூர்ஸ் கிளப்புக்காக நீண்ட காலம் ஆடினார். இலங்கையின் உள்ளூர் முதல்தர ஆட்டங்கள் பெரும்பாலும் ஆளில்லாத மைதானங்களில் நடப்பவை. தொலைக்காட்சி கிடையாது, கைதட்டக் கூட்டம் கிடையாது. ஆனால் வெயிலில் ஒரு நாளைக்கு முப்பது ஓவர் வீசும் வாய்ப்பு உண்டு. முதல்தர கிரிக்கெட்டில் ஹேரத் எடுத்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள். டெஸ்டில் எடுத்த 433ஐக் கழித்தால், அறுநூறுக்கும் மேற்பட்டவை நம்மில் யாரும் பார்க்காதவை.

இரண்டாவது வங்கி வேலை. சம்பத் வங்கியில் அவர் ஊழியராக இருந்தார். நட்சத்திரமான பிறகும் அந்த வேலையை விடவில்லை. இலங்கையில் பல கிரிக்கெட் வீரர்களுக்கு இப்படி ஒரு நிறுவன வேலை இருக்கும். ஆட்டம் இருக்கும்போது விடுப்பு, இல்லாதபோது அலுவலகம். நம்மூரில் ரயில்வேயும் வங்கிகளும் சிமெண்ட் கம்பெனிகளும் பல தலைமுறைகளுக்குச் செய்ததும் இதுவே. மூன்றாவது இங்கிலாந்தின் லீக் கிரிக்கெட். கோடையில் நான்கைந்து மாதம் ஏதாவது ஓர் ஊரின் கிளப்புக்குச் சம்பள வீரராகப் போனால் கையில் கொஞ்சம் பணமும், குளிர்ந்த, ஈரமான, பந்து திரும்பாத ஆடுகளத்தில் வீசும் பயிற்சியும் கிடைக்கும்.

இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் சங்கக்காரா கூப்பிட்ட நாளில் ஹேரத் ஒரு முன்னாள் வீரராக இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். நம் வீடுகளில் இருபத்தெட்டு வயதைத் தாண்டியும் ஏதோ ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "எப்பப்பா செட்டில் ஆகப்போறே?" என்று கேட்காத சித்தப்பா இல்லை. அந்தக் கேள்வியின் அடியில் இருப்பது பணம். அதற்குப் பதில் இருக்கிறவனால் காத்திருக்க முடிகிறது. இல்லாதவன் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறான். அவனிடம் மன உறுதி இல்லை என்று பிறகு நாமே சொல்லிக்கொள்கிறோம். இது அநியாயம்.

பந்து மாறியது

காத்திருந்தார், இடம் கிடைத்தது, ஜெயித்தார் என்று மட்டும் சொன்னால் அவருடைய கலைக்கு அது நியாயமாகாது. 2002லோ 2003லோ முரளி விலகி ஹேரத்துக்கு நிரந்தர இடம் கிடைத்திருந்தால் இதே 433 வந்திருக்குமா? வந்திருக்காது என்பதே என் கணிப்பு.

அவர் வீசுவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஐந்தரை அடி உயரம், கனத்த இடுப்பு. நாலைந்து எட்டு நடை போல ஒரு ஓட்டம். வலது தோள் பேட்ஸ்மேனைப் பார்க்கத் திரும்புகிறது, இடது கை மேலே வருகிறது. இதுவரை எல்லாப் பந்துக்கும் ஒன்றே. வேறுபாடு கடைசிக் கணத்தில், விரலில். ஒரு பந்தில் ஆட்காட்டி விரல் தையலைப் பிடித்து இழுக்கிறது. தையல் ஸ்லிப்பை நோக்கிச் சாய்ந்தபடி சுழன்று வந்து தரையைக் கவ்வுகிறது. வலது கை ஆட்டக்காரரை விட்டு வெளியே போகிறது. அடுத்த பந்தில் கை சற்றே பக்கவாட்டில் வர, விரல் பந்தின் ஓரத்தை வழித்துவிடுகிறது. தரையில் படுவது தையலில்லாத வழவழப்பான பக்கம். பந்து திரும்பாமல், நினைத்ததைவிட ஒரு நொடிக்கூறு முன்னதாக வழுக்கி உள்ளே வருகிறது. இரண்டும் கையிலிருந்து கிளம்பும்போது ஒன்று போலவே தெரியும்.

இதை வைத்துக்கொண்டு அவர் ஒரு ஓவரைக் கட்டும் விதம் இன்னும் சுவையானது. வெளியே திரும்பும் மூன்று பந்து. ஒன்று கிரீஸின் விளிம்பிலிருந்து, ஒன்று ஸ்டம்பை ஒட்டி, ஒன்று ஓரடி பின்னாலிருந்து. பேட்ஸ்மேனின் முன்கால் கொஞ்சம் கொஞ்சமாக ஆஃப் ஸ்டம்ப் பக்கம் நகர்கிறது, மட்டை வெளியே போகும் பந்தைத் தேடத் தொடங்குகிறது. நான்காவது பந்து நேராக வருகிறது. கால்காப்பில் பட்டதும் அவர் திரும்பி நடுவரைப் பார்க்கிறார். எல்பிடபிள்யூவும் (ஸ்டம்பில் பட வேண்டிய பந்தைக் கால்காப்பு மறித்தால் அவுட்) போல்டும் அவர் கணக்கில் குவிந்தது இப்படித்தான்.

21 வயதில் அவர் கொண்டுவந்த மாயப் பந்து இந்த இரண்டாம் வாழ்க்கையில் ஏறக்குறைய காணாமலே போனது. ஆயுதத்தைக் குறைத்து, அளவைக் கூட்டினார். அந்த அளவு மோடர்ஷாலிலும் மூர்ஸ் மைதானத்திலும் வீசிய ஆயிரக்கணக்கான ஓவர்களில் வந்தது. வேகப்பந்து வீச்சாளருக்கு 31 வயது என்றால் முழங்காலும் முதுகும் கணக்கு முடிக்கத் தொடங்கும் வயது. விரல் சுழலில் உடம்பு கேட்கும் விலை குறைவு, அனுபவம் கொடுக்கும் வட்டி அதிகம். எல்லாத் துறையிலும் தாமதமாக மலர முடியும் என்று பொதுவாகச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் முடியாது. இந்தக் கலையில் முடிந்தது, இந்தக் கலை அப்படிப்பட்டது என்பதும் ஒரு காரணம்.

அவருக்கும் முழங்கால் தொல்லை இருந்தது. 2016 ஏப்ரலில் ஒருநாள், டி20 ஆட்டங்களிலிருந்து விலகினார், டெஸ்டுக்காக உடம்பை மிச்சம் பிடிக்க.

வெளியே மாறிய ஒன்று

ஹேரத்தின் வெற்றியில் பலரும் கவனிக்காத பங்கு, நடுவரின் தீர்ப்பைத் திரையில் மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முறைக்கு உண்டு. டெஸ்டில் அதன் முதல் சோதனை 2008இல் இலங்கையில், இந்தியாவுடனான தொடரில் நடந்தது. ஹேரத் திரும்பி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அதற்கு முன்பெல்லாம் காலை நன்றாக முன்னே நீட்டித் தடுத்தால் நடுவர்கள் எல்பிடபிள்யூ கொடுக்கத் தயங்குவார்கள்; சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு. கால்காப்பையே இரண்டாவது மட்டையாக வைத்து ஒரு தலைமுறை முழுக்க விரல் சுழலைச் சமாளித்தது. பந்தின் பாதையைத் திரையில் வரைந்து காட்டத் தொடங்கிய பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. நேராக வழுக்கி வரும் பந்தைப் பிரதான ஆயுதமாக வைத்திருந்தவருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. மாற்றம் 1999இல் வந்திருந்தால் அவர் கதை வேறாக இருந்திருக்கலாம்.

2016 ஆகஸ்டில் காலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த ஹாட்ரிக்கைப் பாருங்கள். முதலில் ஆடம் வோஜஸ், கேட்ச். அடுத்து பீட்டர் நெவில், எல்பிடபிள்யூ. மூன்றாவது மிட்செல் ஸ்டார்க். கால்காப்பில் பட்டது, நடுவர் நாட் அவுட் என்றார், இலங்கை ரிவ்யூ கேட்டது, திரையில் முடிவு மாறியது. இலங்கைக்காக டெஸ்டில் இரண்டாவது ஹாட்ரிக், 38 வயதில். அதன் முதல் பலியான வோஜஸும் தாமதமாக வந்தவரே. 35 வயதில் டெஸ்ட் அறிமுகமாகி, அதே ஆட்டத்தில் சதமடித்தவர்.

முரளி போன பிறகும்

முரளி விலகியதும் ஹேரத் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார் என்று நினைப்பது தவறு. 2010 ஜூலையில் முரளியின் கடைசி டெஸ்ட், காலியில், இந்தியாவுக்கு எதிராக. கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட். அதே ஆட்டத்தில் ஹேரத் மட்டையால் 80 ரன் எடுத்து நாட் அவுட்டாக நின்றார். முரளி விடைபெற்று அடுத்து நடந்த டெஸ்டில் சுழல் பொறுப்பு யாருக்கு? மெண்டிஸுக்கும் புதிதாக வந்த சுராஜ் ரந்திவுக்கும். ஹேரத்துக்கு 32 வயது, வெளியே உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் கணக்கில் எழுபது விக்கெட் சொச்சமே.

நிலைமை உறுதியாக மாறியது 2011 டிசம்பரில், டர்பனில். தென்னாப்பிரிக்க மண்ணில் இலங்கை அதுவரை ஒரு டெஸ்டும் ஜெயித்ததில்லை. முரளி இருந்த காலத்திலும் இல்லை. ஹேரத் முதல் இன்னிங்ஸில் 4, இரண்டாவதில் 5 விக்கெட் எடுக்க, 208 ரன் வித்தியாசத்தில் வெற்றி. மறு ஆண்டு 60 டெஸ்ட் விக்கெட். உலகிலேயே அந்த ஆண்டில் அதுதான் அதிகம்.

அதன் பிறகு வந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 2014 உலகக் கோப்பை டி20இல் சட்டோகிராமில் நியூசிலாந்துக்கு எதிராக 3.3 ஓவரில் 3 ரன் கொடுத்து 5 விக்கெட். 120 என்ற இலக்கைத் துரத்திய நியூசிலாந்து 60க்கு ஆல் அவுட். அதே ஆண்டு கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 127 ரன்னுக்கு 9 விக்கெட். 2016இல் ஆஸ்திரேலியாவை 3-0 என வென்ற தொடரில் 28 விக்கெட். முதல் டெஸ்டின் முதல் நாளிலேயே இலங்கை 117க்குச் சுருண்டது என்பதையும், அதற்கு முன் ஆஸ்திரேலியாவை இலங்கை டெஸ்டில் வென்றது ஒரே ஒரு முறைதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 28இன் எடை புரியும்.

இந்திய ரசிகர்களுக்கு மறக்க முடியாதது 2015 ஆகஸ்ட், காலி. முதல் இன்னிங்ஸில் 192 ரன் முன்னிலை பெற்றும் நமக்கு 176 என்ற இலக்கு வந்து சேர்ந்தது, சண்டிமாலின் 162ஆல். மூன்றாம் நாள் முடிவில் ஒரு விக்கெட்டுக்கு 23. நான்காம் நாள் காலை, இரவுக் காவலாக நின்ற இஷாந்த் முதலில் போனார். பிறகு ஒருவர் பின் ஒருவராக. பந்து ஒன்றும் பயங்கரமாகத் திரும்பவில்லை. திரும்புமோ என்ற சந்தேகத்தில் கால் நகராமல் நின்றதே வினை. 112க்கு ஆல் அவுட். பத்தில் ஏழு ஹேரத்துக்கு, மூன்று தரிந்து கௌஷலுக்கு. சுழலை ஆடப் பிறந்தவர்கள் என்று நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அன்று 37 வயதுக்காரர் ஒருவர் கேள்விக்குள்ளாக்கினார்.

2017 அக்டோபரில் அபுதாபியில் 136 ரன் இலக்கைக் காத்து, பாகிஸ்தானை 114க்குச் சுருட்டியபோது 400ஐத் தொட்டார். வயது 39.

அழைப்பு வராதவர்கள்

இந்த ஆய்வை இத்தோடு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். அதே கலை, அதே காத்திருப்பு, அதே உழைப்பு. தொலைபேசி மணி மட்டும் அடிக்காதவர்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ராஜிந்தர் கோயல், ஹரியானா. இந்தியாவின் உள்ளூர்ப் போட்டியான ரஞ்சியில் 637 விக்கெட். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவே உச்சம். பத்மாகர் ஷிவால்கர், மும்பை. முதல்தர கிரிக்கெட்டில் 589 விக்கெட். இருவரும் இடது கைச் சுழல். இருவரும் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. அவர்கள் நின்ற வரிசையின் முன்னால் பிஷன் சிங் பேடி நின்றார். பேடிக்கு ஓய்வு வந்தபோது அவர்களுக்கும் வயதாகியிருந்தது. ஹேரத்தைவிட முரளி ஆறு வயது மூத்தவர். கோயலோ பேடியைவிடவே மூத்தவர். வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் நமக்கும் எத்தனை வயது வித்தியாசம் என்பது எந்த உழைப்பாலும் மாற்ற முடியாத ஒன்று.

இலங்கையிலேயே தினுக ஹெட்டியாராச்சி இருக்கிறார். ஹேரத்தைவிட இரண்டு வயது மூத்தவர், அவரும் இடது கைச் சுழல், முதல்தர கிரிக்கெட்டில் ஆயிரம் விக்கெட்டைக் கடந்தவர். ஆடியது ஒரே டெஸ்ட், 2001இல் இங்கிலாந்துக்கு எதிராக. உள்ளூர் ஆட்டங்களில் ஹேரத்தும் இவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றவர்கள். 2009இல் முரளியின் முழங்கால் நன்றாக இருந்திருந்தால், அல்லது சங்கக்காராவின் மனதில் வேறு பெயர் முதலில் வந்திருந்தால், இந்தக் கட்டுரையில் இரண்டு பெயர்களும் இடம் மாறியிருக்கலாம். ஹேரத்தின் பெருமையை இது குறைப்பதாக நான் நினைக்கவில்லை. கிடைத்த ஒரு வாரத்தை அவர் பயன்படுத்திக்கொண்ட விதம் அசாதாரணமானது. ஆனால் அந்த ஒரு வாரம் கிடைப்பது அவர் கையில் இருக்கவில்லை.

வரிசை நகர்ந்தபோது

பத்தாண்டு காத்திருந்தவர், வந்து அமர்ந்ததும் இன்னொரு வரிசைக்குத் தலையானார். அவர் அசையாமல் நின்றதால் மற்றவர்கள் தாமதமானார்கள். டில்ருவான் பெரேரா அறிமுகமானபோது 31 வயது. பிறகு 43 டெஸ்டில் 161 விக்கெட். மலிந்த புஷ்பகுமார உள்ளூரில் ஐந்நூறு விக்கெட்டைத் தாண்டிய பிறகே, 30 வயதில், 2017இல் முதல் டெஸ்ட் ஆடினார்.

ஹேரத் போன பிறகு தேர்வாளர்கள் இளையவரான லசித் எம்புல்தெனியவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் ஏமாற்றவில்லை, 17 டெஸ்டில் 71 விக்கெட். ஆனால் 2022 ஜூலையில் ஆஸ்திரேலியா வந்திருந்தபோது அவருடைய ஃபார்ம் சரிந்திருந்தது. இன்னொரு இடது கைச் சுழலான பிரவீன் ஜெயவிக்ரமவுக்குக் கொரோனா. வேறு ஆள் இல்லாமல் உள்ளூரிலிருந்து பிரபாத் ஜெயசூர்யாவைக் கூப்பிட்டார்கள். அவரும் இடது கை, அவரும் விரல் சுழல், பல ஆண்டுகள் கிளப் கிரிக்கெட்டில் வீசிக்கொண்டிருந்தவர், வயது 30. காலியில் நடந்த அந்த டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு விக்கெட் எடுத்தார். இலங்கை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. ஏழாவது டெஸ்டிலேயே 50 விக்கெட்டைத் தொட்டார். வேறு எந்தச் சுழற்பந்து வீச்சாளரும் அவ்வளவு சீக்கிரம் அதை எட்டியதில்லை.

முதல் முறை ஒரு முழங்கால், இரண்டாம் முறை ஒரு வைரஸ். இரண்டு முறையும் தேர்வுக் குழு தானாகத் தேடிப் போகவில்லை. உள்ளூரில் ஆண்டுதோறும் ஐம்பது அறுபது விக்கெட் எடுத்துக்கொண்டிருக்கும் முப்பது வயதுக்காரர்களின் பெயர்ப் பட்டியல் அவர்கள் மேஜையில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் இருக்கிறவர்களை, யாருக்காவது காயம்படும் வரை காத்திராமல், ஒரு டெஸ்டிலாவது வீசவைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்விலிருந்து நான் வைக்கும் கோரிக்கை.